கோமுகி போய்ச் சேரும் கடற்கரை

2019 நவம்பர் 26 வரை கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கும் சொந்தமாகக் கொஞ்சம் கடல் இருந்தது. விழுப்புரத்திலிருந்து மாவட்டம் பிரிந்தபோது கல்வராயன் மலை இந்தப் பக்கம் வந்தது, மரக்காணம் கடற்கரை அந்தப் பக்கமே நின்றுவிட்டது. மலையில் பெய்கிற மழை மட்டும் இன்னமும் ஒரு கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அந்த இடம் பரங்கிப்பேட்டை.

மலையிலிருந்து இறங்கும் கோமுகி, கச்சிராயபாளையம் அணையில் கொஞ்ச நாள் தங்கி, பிறகு மணிமுக்தாவோடு சேர்கிறது. மணிமுக்தா விருத்தாசலத்தைக் கடந்து கூடலையாற்றூரில் வெள்ளாற்றில் கலக்கிறது. சேத்தியாத்தோப்பு, புவனகிரி தாண்டியதும் வெள்ளாறு கடலைத் தொடுகிறது. கள்ளக்குறிச்சியிலிருந்து காரில் போகிறவர்களும் கிட்டத்தட்ட இதே வழியில்தான் போக வேண்டும்.

போர்ச்சுகீசியர்கள் இந்த ஊருக்கு வைத்த பெயர் போர்ட்டோ நோவோ. புதிய துறைமுகம் என்று அர்த்தம். 1781-ல் ஹைதர் அலியும் ஆங்கிலேயப் படையும் மோதியது இங்கேதான். இப்போது வெள்ளாற்றங்கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் இருக்கிறது. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கிற இடத்தில் என்னென்ன வளர்கிறது என்று அங்கே பல வருடங்களாக ஆராய்கிறார்கள். மடவை, கொடுவா, இறால், நண்டு எல்லாம் அந்தக் கலப்புத் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. மலையில் மழை பொய்த்தால் இங்கே நண்டுக் குழம்புக்கும் தட்டுப்பாடு வரலாம்!

முகத்துவாரத்தை ஒட்டி அன்னங்கோயில் என்ற மீனவ கிராமம். கிரீஸ் தீவுகளின் ரீல்ஸை ஓட்டி ஓட்டிப் பார்ப்பவர்கள் தேடுகிற எல்லாமே இங்கே உண்டு. வண்ணப் படகு, வலைக் குவியல், உப்புக் காற்று. வெள்ளையடித்த வீடுகள்தான் இல்லை. சிதம்பரம் வரை வந்து பிச்சாவரத்தில் படகேறிவிட்டுத் திரும்புகிறவர்கள் பலர் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் மே மாதத்தில்தான் வருகிறார்கள். பிள்ளைகளுக்கு லீவு. வந்து பார்த்தால் ஊரே கப்சிப்! விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். கூச்சல் இல்லை, ஏலம் இல்லை. "எவ்வளவு அமைதியான இடம்!" என்று செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் போட்டுவிட்டுப் போவார்கள்.

அந்த அமைதிக்குப் பெயர் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் இறங்கக் கூடாது. முன்பு 45 நாட்களாக இருந்தது, 2017-ல் நீட்டினார்கள். மீன் பெருகினால் மீனவருக்கும் நல்லதுதான். ஆனால், இந்த நாட்களுக்கு அரசு தருகிற நிவாரணம் ஒரு குடும்பத்துக்கு 8,000 ரூபாய். 61-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 131 ரூபாய். கள்ளக்குறிச்சியில் அது இரண்டு பேர் டிபன் சாப்பிடுகிற காசு. விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்கள் இந்த இரண்டு மாதமும் வலையைச் சரிபார்ப்பார்கள், படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், இல்லையென்றால் வேறு வேலை தேடிப் போவார்கள். ஃபைபர் படகுகள் மட்டும் கரையோரம் போய்க் கிடைத்ததைக் கொண்டுவரும்.

போதாக்குறைக்கு, மே மாதத்தில் மணிமுக்தாவில் மணல்தான் ஓடும். நம்ம ஊர்த் தண்ணீர் கடலில் கலப்பதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் அது சரியான மாதம் இல்லை.

பொங்கல் லீவில் போகலாம். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஆற்றில் தண்ணீர் இருக்கும், படகுகளும் தொழிலில் இருக்கும். முதல் நாளே சிதம்பரத்தில் தங்கிக்கொண்டால், விடிகிற நேரத்துக்குக் கரைக்கு வந்துவிடலாம். சத்தம், சேறு, கவிச்சி எல்லாம் இருக்கும். ஏலம் நடக்கும்போது குறுக்கே போய் நின்று போட்டோ எடுக்காமல் இருந்தால் போதும். கையில் ஒரு பை கொண்டுபோகிறவர்கள், மீன்கார அம்மாக்களிடம் ரொம்பப் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு வரலாம்.