சோலைக்கு நட்டஈடு உண்டா?



ஒரு குடும்பம் தன் ஊரை விட்டு எழும்ப நேரும்போது அதிகாரிகள் ஒரு படிவத்தை நீட்டுகின்றார்கள். எத்தனை ஏக்கர் வயல், எத்தனை தென்னை, கல்வீடா மண்வீடா, எத்தனை மாடு என்று அதில் கேட்கப்படும். குலதெய்வத்தின் மரத்தடி எங்கே, பாட்டனைப் புதைத்த இடம் எங்கே என்று கேட்கும் கட்டம் அதில் இருப்பதில்லை. இவற்றையும் கணக்கில் எடுங்கள் என்று விடாப்பிடியாக நின்றவர்கள் இந்தியாவின் ஆதிவாசி மக்கள். அவர்களுடைய சமயத்தைப் பற்றி நாம் அறிந்திருப்பது மிகக் குறைவு. காணியை இழந்த விவசாயிகளாகிய எமக்கு அதில் கற்றுக்கொள்ள நிறைய உண்டு என்பது என் கருத்து.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பழங்குடியினர் ஏறக்குறைய 10 கோடியே 40 இலட்சம் பேர். நூற்றுக்கணக்கான இனத்தவர்களாக வாழும் இவர்களுடைய நம்பிக்கைகளும் பலவாறானவை. எல்லாவற்றையும் ஓரிடத்தில் சொல்ல முடியாது. ஆகவே சோட்டாநாக்பூர் மேட்டுநிலத்தில், அதாவது 2000ஆம் ஆண்டில் உருவான ஜார்க்கண்ட் மாநிலத்தில், வாழும் முண்டா, ஒராவோன் மக்களை முதலில் நோக்குவோம்.

முண்டா மக்கள் சிங்போங்கா என்னும் ஒரே பரம்பொருளை நம்புகின்றனர். அவருக்குச் சிலையும் இல்லை, கட்டிய கோயிலும் இல்லை. முன்னோர் காட்டை வெட்டி வயலாக்கியபோது, சால் மரங்கள் நின்ற ஒரு பகுதியைக் கோடரி படாமல் விட்டார்கள். அந்தச் சோலைக்குச் சர்னா என்று பெயர். காட்டில் ஏற்கெனவே குடியிருந்த தெய்வ ஆவிகளுக்கு அது உரியது. அங்கே பலி செலுத்துகின்ற பாஹன் என்னும் பூசகர் தனிச் சாதியார் அல்லர். ஊரைத் திருத்தியவர்களின் வழிவந்த ஒரு விவசாயி. அவருடைய பணிக்கென ஊர் ஒரு துண்டு நிலத்தை ஒதுக்கியிருக்கும்.

இளவேனிற் காலத்தில் சால் மரம் பூக்கும்போது சர்ஹூல் திருவிழா வரும். வானும் பூமியும் மணம் செய்துகொள்ளும் நாள் அது என்பது ஒராவோன் மக்களின் நம்பிக்கை. அந்த விழா முடியும் வரை புதுப் பூவையும் புதுக் கனியையும் தொடமாட்டார்கள். பாஹன் மண்குடங்களில் நீர் நிரப்பிச் சோலையில் வைப்பார். மறுநாட் காலை நீர் எவ்வளவு இருக்கின்றது என்று பார்த்து, அவ்வாண்டு மழை எப்படி இருக்கும் என்று ஊருக்குச் சொல்வார். மாரி மழையை எதிர்பார்த்து வானத்தைப் பார்த்திருந்த எவருக்கும் அந்தக் குடங்களின் பொருள் விளங்கும்.

இறந்தோரையும் அவர்கள் வீட்டை விட்டு அனுப்பிவிடுவதில்லை. இறந்தவரின் நிழலை மீண்டும் வீட்டுக்குள் அழைத்து வரும் ஒரு சடங்கு முண்டா மக்களிடம் உண்டு. அதன்பின் அவர் வீட்டுத் தெய்வங்களுள் ஒருவர். எலும்புகளைக் குடும்பத்துக்குரிய பெருங்கல்லின் கீழ் வைப்பார்கள். சசன்திரி எனப்படும் அக்கற்களே அவர்களுடைய காணி உறுதி. என் முன்னோர் இங்கே கிடக்கின்றார்கள், ஆகவே இது என் ஊர் என்பதே அவர்களுடைய வழக்கு.

இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒதுக்கியவர்கள் பலர். எமது திருச்சபையினரும் இதில் குற்றமற்றவர்கள் அல்லர். ஆவி வணக்கத்தைப் பேய் வணக்கம் என்று போதித்த காலம் இருந்தது. ஆயினும் அங்கே சென்ற சில குருக்கள் மக்களின் காணிப் பிரச்சினையைத் தம் பிரச்சினையாக எடுத்தார்கள். 1885இல் அங்கு சென்ற பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு கொன்ஸ்தான் லீவன்ஸ் நிலவுடைமையாளருக்கு எதிரான வழக்குகளில் அவர்களுக்குத் துணை நின்றார். ஜேர்மனியரான ஹொஃப்மன் அடிகளார் முண்டா மொழியையும் வழமைகளையும் ஆழ்ந்து கற்றார். காட்டைத் திருத்தியவர்களின் வழித்தோன்றல்களுக்குள்ள உரிமையை ஏற்று, ஆதிவாசிகளின் நிலம் பிறர் கைக்குப் போகாமல் தடுக்க வந்த 1908ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவருடைய அறிவும் பங்களித்தது. மறு ஆண்டே அவர் கூட்டுறவுக் கடன் சங்கத்தையும் தொடங்கினார். அம்மக்களின் நம்பிக்கையை மதித்துக் கற்றதனாலேதான் அவர் அவர்களுடைய காணியையும் காக்க உதவ முடிந்தது.

நம்பிக்கை எவ்வாறு காணியைக் காக்கின்றது என்பதற்கு இரண்டு உதாரணங்கள் தருகின்றேன். கோயல், காரோ ஆறுகளை மறித்து 710 மெகாவோட் மின்சாரம் எடுக்க 1970களில் ஒரு திட்டம் வந்தது. மக்கள் எதிர்த்தார்கள். சர்னாக்களையும் சசன்திரிகளையும் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பது அவர்கள் சொன்ன முக்கிய காரணங்களுள் ஒன்று. 2001 பெப்ரவரி 2ஆம் திகதி தப்காரா என்னுமிடத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் எட்டுப் பேர் உயிரிழந்தனர். ஆனால் அணை கட்டப்படவில்லை. பின்னர் திட்டம் கைவிடப்பட்டது.

மற்றது ஒடிசா மாநிலத்தின் நியம்கிரி மலை. டொங்ரியா கொந்த் மக்களுக்கு அம்மலை நியம் ராஜா என்னும் தெய்வத்தின் இருப்பிடம். அதன் உச்சியில் பொக்சைற் தோண்ட முயன்றபோது வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2013 ஏப்ரல் 18ஆம் திகதி நீதிமன்றம், மக்களின் சமய உரிமை பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே ஆராய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அவ்வாண்டு யூலை, ஒகஸ்ட் மாதங்களில் கூடிய 12 கிராம சபைகளும் ஒரே குரலில் மறுத்தன. 2014 ஜனவரியில் மத்திய அரசும் அனுமதி மறுத்தது.

'கடவுள் எங்கும் இருக்கின்றார், போன இடத்தில் கும்பிடலாமே' என்று சிலர் கேட்கலாம். ஆதிவாசிகளும் அப்படிச் செய்திருக்கின்றார்கள். எமது மலைநாட்டுக்குத் தமிழகத்திலிருந்து தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்ட 19ஆம் நூற்றாண்டில், முண்டா, ஒராவோன், சந்தால் மக்கள் அசாம் தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சோலையைக் கொண்டுபோக முடியவில்லை. ஆனால் கரம் விழாவைக் கொண்டுபோனார்கள். கரம் மரக் கிளையை முற்றத்தில் நட்டு ஆடிப் பாடும் விழா அது. எமது ஊரில் முளைப்பாலிகை இடுவது போல, கன்னிப் பெண்கள் மணலில் விதை முளைக்க வைத்து அதற்கு எடுத்துவருவார்கள். அசாமில் இன்றும் அவ்விழா நடக்கின்றது. ஆனால் அது அம்மக்களின் உறுதியையே காட்டுகின்றது. அவர்களை எழுப்பியது சரி என்று அது காட்டவில்லை.

அவர்களிடம் உள்ள எல்லாமே நல்லவை என்று நான் சொல்லவில்லை. சூனியக்காரி என்று குற்றஞ்சாட்டிப் பெண்களை அடிப்பதும் கொல்வதும் அங்கே நடக்கின்றன. விதவையின் காணியைப் பறிப்பதற்காகவே பல வேளைகளில் இப்பழி சுமத்தப்படுகின்றது. 2001இல் ஜார்க்கண்டில் இதற்கெதிராகச் சட்டம் கொண்டுவரப்பட்டது. முன்னோரின் பெயரால் ஒரு பெண்ணின் காணி பறிக்கப்படுமானால், அந்நிய நிறுவனம் பறிப்பதற்கும் அதற்கும் வேறுபாடில்லை.

இன்னொரு போராட்டமும் உண்டு. 2011 கணக்கெடுப்பில் ஆதிவாசிகளின் சமயத்துக்குத் தனிக் கட்டம் இருக்கவில்லை. ஆயினும் ஏறக்குறைய 49 இலட்சத்து 57 ஆயிரம் பேர் 'பிற சமயம்' என்ற இடத்தில் 'சர்னா' என்று தாமே எழுதுவித்தனர். தனிக் கட்டம் வேண்டும் என்று 2020 நவம்பரில் ஜார்க்கண்ட் சட்டசபையும் தீர்மானம் நிறைவேற்றியது.

படிவத்தில் இடம் இல்லை என்பதற்காக அவர்கள் பேசாமல் இருக்கவில்லை. நாமும் அப்படிச் செய்யலாம். மீள்குடியேற்றத்துக்கோ நட்டஈட்டுக்கோ விண்ணப்பிக்கும்போது ஒரு தனித் தாளையும் இணையுங்கள். வைரவர் சூலம் நின்ற ஆலமரம், அந்தோனியார் சொரூபம் இருந்த சந்தி, சேமக்காலை, மயானம், மையவாடி எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். எந்த வயலுக்கு எந்தத் திசையில் என்று குறியுங்கள். முதியவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு, பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். அதிகாரி வாங்க மறுத்தாலும் ஒரு பிரதியை வீட்டில் வைத்திருங்கள். திரும்பிச் செல்லும் நாளில் பற்றை மூடிக் கிடக்கும் எல்லைகளைக் கண்டுபிடிக்க, பிள்ளைகளுக்கு அந்தத் தாள் உதவும்.