பதின்மூன்று பேர்

போன வாரம் சுங்கைப் பட்டாணியில் ஒரு கல்யாண விருந்து. பக்கத்தில் உட்கார்ந்திருந்த, தங்கச்சி முறையாகும் ஒருத்தி மெல்லக் கேட்டாள்: "அண்ணே, மகள முதலாம் ஆண்டுல சேர்க்கணும். எங்க தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில போன தடவ சேர்ந்தது மொத்தமே பதிமூணு பேருதான். அங்க போட்டா தேறுவாளா?"

பதின்மூன்று என்றதும் எனக்கு வில்லியம் ஓல்டாம் நினைவுக்கு வந்தார்.

1854-இல் பெங்களூரில் பிறந்தவர். நில அளவை வேலையை விட்டுவிட்டு அமெரிக்கா போய்ப் படித்தார். 1885-இல் மெதடிஸ்ட் போதகராகச் சிங்கப்பூர் வந்தார். சீனர்களின் சங்கம் ஒன்றில் வானியல் பற்றிப் பேசினார். அந்தப் பழக்கத்தில் சீன வணிகர்கள் சிலர் அவரிடம் ஆங்கிலம் கற்க விரும்பினார்கள். அடுத்து, தங்கள் பிள்ளைகளையும் அனுப்பினார்கள்.

1886 மார்ச் 1-ஆம் தேதி, அமோய் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டில் பள்ளி தொடங்கியது. மாணவர்கள் 13 பேர்! காலையில் சீனம், பிற்பகலில் ஆங்கிலம். அதனால்தான் 'ஆங்கிலோ சீனப் பள்ளி' என்று பெயர். ஆங்கிலம் வேண்டும் என்பதற்காகத் தாய்மொழியைத் தள்ளிவைக்கவில்லை.

ஓல்டாம் அங்கே இருந்தது சில ஆண்டுகள்தான். உடல்நலம் கெட்டு 1889-இல் கிளம்பிவிட்டார். பின்னர் அமெரிக்காவில் ஒஹாயோ வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார், 1904-இல் பேராயரானார். அவர் போனபின்பும் பள்ளி நிற்கவில்லை. 1891-இல் கெடாக்காரர்களான நமக்கு அக்கரையில், பினாங்கிலும் ஓர் ஆங்கிலோ சீனப் பள்ளி பிறந்தது. அதுதான் இன்றைய மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளி.

சமயப் பணிக்கு வந்தவர்தான் அவர். பிள்ளைகளை அனுப்பியவர்களும் வசதியான வணிகர்கள். நம் தோட்டப்புறக் குடும்பங்களின் கதை வேறு. மாணவர் குறைவாக இருப்பதாலேயே ஒரு பள்ளி நல்ல பள்ளி ஆகிவிடாது என்பதும் உண்மை. ஆனால், எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் அந்த அப்பாக்கள் அன்றே பிள்ளைகளைத் திருப்பி அழைத்துப் போயிருப்பார்கள்.

தங்கச்சியிடம் இதைத்தான் சொன்னேன்: "தலையை எண்ணாதே. ஒருநாள் காலையில் போய் ஆசிரியரைப் பார். பிள்ளைகள் வாசிப்பதைக் கேள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று விசாரி. பதிமூன்று பிள்ளைக்கும் பதிமூன்று பெற்றோர் வந்தால், அந்தப் பள்ளியை நம்பலாம்."

"அப்ப நானும் போகணும்ல?" என்றாள்.

அந்தக் கேள்வி போதும். திங்கட்கிழமை போகிறாள். நானும் கூடப் போகிறேன்.