வாய்க்குள் நுழையாத பாலுண்ணி

"பாலுண்ணி தோலின் வியாதி, வாய்க்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை" என்னும் வாக்கியத்தை, சுகாதாரப் பிரசங்கங்களிலும் குழந்தை வளர்ப்புக் கட்டுரைகளிலும் வருஷக்கணக்காகக் கேட்டும் வாசித்தும் சலித்திருந்த எனக்கு, அண்மையில் ஒரு பிரசங்கி அதையே வேதவாக்காக முழங்கச் சபையோர் தலையசைத்ததைக் கண்டபோது, இனியும் வாளாவிருப்பது தகாதென்று தோன்றிற்று.

மேனாட்டு வைத்தியர் மொலஸ்கம் கண்டாஜியோசம் என வழங்கும் இவ்வியாதியின் வைரஸ் கடினமான மேல்தோலில்தான் பெருகும், வாயோ மெல்லிய சவ்வு என்பது இப்பிரசங்கிகளுடைய முதல் நியாயம். மேலண்ணத்தின் முன்பகுதியும் ஈறும் கடினப்பட்ட மேற்படலம் உடையவை என்பது பல் வைத்திய மாணவர்கள் ஆரம்பத்திலேயே கற்கும் பாடம். பிரசங்கியார் அன்று வகுப்புக்குச் செல்லவில்லை போலும். எய்ட்ஸ் நோயாளிக்கன்றி வாயில் வராது என்பது இரண்டாவது. நோயெதிர்ப்புச் சக்தி குன்றியவர்களிடம் அது மிகுதி என்பது மெய்யே. திடகாத்திரமானவர்களின் வாயிலும் கண்டு வைத்தியர்கள் எழுதிவைத்திருப்பதும் மெய்யே.

"நாங்கள் கண்டதில்லை" என்பதே அவர்களுடைய பிரம்மாஸ்திரம். எப்படிக் காண்பார்கள்? தோலில் முத்துப்போல் வழவழப்பாய், 2 முதல் 5 மில்லிமீட்டர் அளவில், நடுவே சிறு குழியுடன் தோன்றிப் பார்த்த மாத்திரத்தில் தன் பெயரைச் சொல்லிவிடும் அக்கொப்புளம், எச்சிலில் ஊறிப் பல்லில் உராயும் இடத்தில் அந்த அடையாளக் குழியை இழந்து நிற்கக்கூடும்; வலி இல்லாமையால் குழந்தையும் முறையிடாது; தற்செயலாகக் கண்ணில் பட்டாலும் மருவென்றோ எச்சில் கட்டியென்றோ பெயர் சூட்டப்பெற்று, அகற்றப்பட்டபின் நுண்ணோக்கியைக் காணாமலே குப்பையைச் சேரும். 1841இல் ஹெண்டர்சனும் பேட்டர்சனும் விவரித்த, உயிரணுவை நிறைத்து வீங்கிய அந்த உருண்டைகளே ஐயத்தைத் தீர்க்கவல்ல சாட்சி. சாட்சியை விசாரிக்காமலே வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டு, குற்றமே நடக்கவில்லை என்று தீர்ப்புரைக்கும் நியாயஸ்தலத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பெரும்பாலும் தானே மறையும் வியாதிக்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி என்பார்கள். தானே மறையுமுன் பல மாதங்கள், சிலரிடம் வருஷங்களே, கழிகின்றன. அக்காலமெல்லாம் குழந்தை சொறிந்த இடத்திலிருந்து சொறியாத இடத்திற்கு விரலாலேயே அதைக் கொண்டுசெல்கிறது என்று அதே பிரசங்கியார் அதே மேடையில் எச்சரித்தார். கழுத்துக்கும் அக்குளுக்கும் தொடைக்கும் தாராளமாக யாத்திரை செய்யும் அவ்விரல், குழந்தைகள் ஓயாமல் வைத்துச் சப்பும் வாயருகே வந்ததும் வைரஸைப் பக்குவமாக வெளியே இறக்கிவிட்டுத்தான் உள்ளே போகிறதாம்!