இனிமையால் பரவியதாம் ஸ்பானிஷ்!

ஸ்பானிஷ் வகுப்பு விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். இருபது நாடுகளில் ஆட்சிமொழி, 48 கோடிப் பேருக்கு மேல் தாய்மொழி என்று ஆரம்பிப்பார்கள். அதுவரை சரி. அடுத்த வரியில், எளிமையும் இனிமையும்தான் அதன் வெற்றிக்குக் காரணம் என்று ஒரு போடு போடுவார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஸ்பெயினின் மக்கள்தொகை ஐந்து கோடிக்குள். அதாவது ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்களில் பத்தில் ஒருவர்தான் ஸ்பெயினில் இருக்கிறார். மீதி ஒன்பது பேரின் முன்னோர்களும் இனிமையில் மயங்கித்தான் சொந்த மொழியை விட்டார்களா?

விளம்பரக்காரர்களாவது வயிற்றுப்பிழைப்புக்குச் சொல்கிறார்கள். 2001 ஏப்ரலில், செர்வாந்தெஸ் விருது விழாவில், அன்றைய ஸ்பெயின் மன்னர் ஹுவான் கார்லோஸ் இதையே சொன்னார். தங்கள் மொழி ஒருபோதும் திணிப்பின் மொழியாக இருந்ததில்லையாம், சந்திப்பின் மொழியாம், யாரையும் அதைப் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தியதே இல்லையாம். 1969-ல் இவரைத் தன் வாரிசாக அறிவித்தவர் பிராங்கோ. காத்தலான், பாஸ்க் மொழிகளைப் பள்ளியிலிருந்தும் அரசு அலுவலகத்திலிருந்தும் விரட்டினாரே, அதே பிராங்கோ. காத்தலோனியாவில் கண்டனம் கிளம்பாமல் வேறென்ன செய்யும்?

இன்னும் பின்னால் போனால் கதை நாறுகிறது. 1770-ல் மன்னர் மூன்றாம் கார்லோஸ் அமெரிக்கக் காலனிகளுக்கு ஓர் ஆணை அனுப்பினார். அங்குள்ள பல்வேறு மொழிகள் ஒழிந்து காஸ்டிலியன் (ஸ்பானிஷின் இன்னொரு பெயர்) மட்டுமே பேசப்பட வேண்டும் என்பது அதன் நோக்கம். இந்த கார்லோஸ் யார் தெரியுமா? ஹுவான் கார்லோஸின் நேரடி மூதாதை! சொந்த வீட்டுக் காகிதத்தையே படிக்காமல் மேடை ஏறியிருக்கிறார். 1781-ல் பெருவில் இரண்டாம் துபாக் அமாருவின் கிளர்ச்சியை நசுக்கி அவரைக் கொன்றபோது, அந்தத் தீர்ப்பிலேயே இந்தியர்கள் (செவ்விந்தியர்களைத்தான் சொல்கிறேன்) கெச்சுவாவை விட்டு ஸ்பானிஷ் கற்க வேண்டும் என்றும் எழுதினார்கள். சந்திப்பாம் சந்திப்பு.

இதைச் சொன்னால் உடனே சிலர், "ஆமாம், வாள்முனையில் பரப்பினார்கள்" என்று கைதட்டுவார்கள். அவர்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. ஏனென்றால் வாள் வந்த முதல் இருநூறு ஆண்டுகளில் மொழி அவ்வளவாகப் பரவவில்லை. பாதிரிமாருக்கு ஆன்மாக்கள்தான் வேண்டியிருந்தன. அதற்கு உள்ளூர் மொழியைத் தாங்களே கற்றுக்கொள்வது சுலபம். ஒல்மோஸ் பாதிரியார் நவாட்டில் மொழிக்கு இலக்கணம் எழுதியது 1547-ல். கெச்சுவா இலக்கணம் 1560-ல் அச்சானது. (1578-ல் கொல்லத்தில் போர்ச்சுகீசியப் பாதிரிகள் தமிழில் 'தம்பிரான் வணக்கம்' அச்சடித்ததும் இதே கணக்குத்தான்.) மன்னர் இரண்டாம் பிலிப்பு 1570-ல் மெக்சிகோ இந்தியர்களுக்கு நவாட்டிலையே பொது மொழியாக வைத்துக்கொள்ளச் சொன்னார். 1596-ல், ஸ்பானிஷைக் கட்டாயமாக்கலாம் என்று ஆலோசனைக் குழு கேட்டபோது மறுத்துவிட்டார். பெரியம்மையும் அடிமை வேலையும் பேசுகிற ஆட்களையே அள்ளிக்கொண்டு போயின என்பது தனிக் கொடுமை. ஆனால் மிஞ்சியவர்களின் நாக்கில் பெரும்பாலும் சொந்த மொழியே இருந்தது.

ஸ்பெயின் மூட்டை கட்டிக்கொண்டு போன காலத்தில், 1821-ல், மெக்சிகோவில் பாதிக்கு மேற்பட்டோர் பூர்வகுடி மொழிகளைத்தான் பேசினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். 2020 கணக்கெடுப்பில் அது சுமார் 6 சதவீதம். நடுவில் ஆண்டது ஸ்பெயின் அல்ல! விடுதலை வாங்கிய குடியரசுகள். ஒரே நாடு என்றால் ஒரே மொழி என்று நம்பிய உள்ளூர் மேட்டுக்குடிகள். 1910 புரட்சிக்குப் பிறகு வந்த கிராமப் பள்ளிகளும் அதே நோக்கத்தோடுதான் போயின. எழுத்தறிவு கொடுத்தார்கள், மறுக்கவில்லை. வகுப்பில் தாய்மொழி பேசிய பிள்ளைகளுக்கு அடியும் கொடுத்தார்கள். மெக்சிகோ சட்டம் போட்டு அந்த மொழிகளையும் தேசிய மொழிகள் என்று ஒப்புக்கொள்ள 2003 வரை ஆயிற்று.

இதற்கு எதிர்ச் சாட்சி பிலிப்பைன்ஸ். 1565 முதல் 1898 வரை ஸ்பெயின் அங்கே ஆண்டது. மக்களுக்கு ஸ்பானியக் குடும்பப் பெயர்களைக்கூட 1849-ல் ஒரு பட்டியல் போட்டு ஒட்டினார்கள். மொழி ஒட்டவில்லை. பாதிரிகள் தகலாகிலேயே காரியத்தை முடித்துக்கொண்டார்கள், குடியேறிய ஸ்பானியர்களோ கொஞ்சம் பேர். அரசுப் பள்ளிகளுக்கு உத்தரவு வந்ததே 1863-ல்தான். அடுத்து வந்த அமெரிக்கர்கள் 1901-ல் கப்பல் நிறைய வாத்தியார்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். சில பத்தாண்டுகளிலேயே ஆங்கிலம் முந்திவிட்டது. 1987 அரசியல் சட்டத்தில் ஸ்பானிஷுக்கு ஆட்சிமொழி இடமும் போயிற்று. அதே இனிமையான மொழிதானே ஐயா, 333 ஆண்டுகள் இருந்தும் ஏன் மணிலாவில் மட்டும் இனிக்கவில்லை?

"அப்படியானால் மெக்சிகோக்காரன் இன்று ஸ்பானிஷை விட்டுவிடணுமா?" என்று பின்னூட்டத்தில் கேட்கப்போகிறீர்கள். எதற்கு? அது இப்போது அவன் தாய்மொழி. அதில் கவிதை எழுதி நோபல் பரிசும் வாங்கியாயிற்று. நான் கேட்பது, அது வந்த வழியைப் பூச்சூட்டி மறைக்காதீர்கள் என்பதுதான். சந்திப்பு என்றால் இரண்டு பேருக்கும் ஏதாவது கிடைக்க வேண்டும். நவாட்டிலிலிருந்து ஸ்பானிஷுக்குத் தக்காளியின் பெயரும் சாக்லேட்டின் பெயரும் கிடைத்தன. கரீபியனின் தாய்னோ மொழியிலிருந்து 'கனோவா' என்ற படகின் பெயர் கிடைத்தது. தாய்னோ மொழி செத்துப்போனது.

சந்திப்பு என்ற சொல்லுக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வருகிற நாடு பராகுவே. அங்கே குவாரனியைப் பூர்வகுடிகள் மட்டுமல்ல, ஊரே பேசுகிறது. 1992 அரசியல் சட்டப்படி அதுவும் ஆட்சிமொழி. வகுப்பு விளம்பரத்தில் இதைப் போட்டால் நானே காசு கட்டிச் சேருவேன்.

பி.கு: ஸ்பெயினின் 1978 அரசியல் சட்டத்திலேயே இந்த மொழியின் பெயர் 'ஸ்பானிஷ்' இல்லை, 'காஸ்டிலியன்'தான். மற்றவையும் ஸ்பானிய மொழிகளே என்று அதே பிரிவு சொல்கிறது. அந்தப் பெயர்ச் சண்டை தனிப் பதிவு கேட்கும், செமஸ்டர் முடியட்டும்.