தொட்டுப் பார்த்தால் போதுமா? குழந்தைக்கு ஒரு கணக்கு, நாய்க்குட்டிக்கு வேறு கணக்கு!

'நெத்தி சுடுது, அந்த சிரப்பை எடு!' காய்ச்சல் என்றதும் பல வீடுகளில் நடப்பது இதுதான். குழந்தையும் நாய்க்குட்டியும் சேர்ந்து வளரும் வீட்டில் இந்தப் பழக்கம் ரொம்பவே ஆபத்து.

ஏன்?

நாயின் இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். தொட்டால் சூடாகத்தான் இருக்கும். மூக்கு காய்ந்திருப்பதை மட்டும் வைத்தும் முடிவு செய்ய முடியாது. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, 103-ஐத் தாண்டினால் காய்ச்சல். குழந்தைக்கோ 100.4 வந்தாலே காய்ச்சல்தான்.

மருந்து?

குழந்தைக்கு பாராசிட்டமால் அளவு எடையைப் பொறுத்தது: ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். ஆனால் 5 மில்லி சிரப்பில் 120 மில்லிகிராம் இருப்பதும் உண்டு, 250 இருப்பதும் உண்டு. லேபிளைப் பார்க்காமல் 'ஒரு மூடி' ஊற்றினால் டோஸ் இருமடங்காகிவிடலாம். நாய்க்குட்டிக்கு அந்த பாட்டிலே வேண்டாம். பாராசிட்டமால் அதன் கல்லீரலையும் ரத்த அணுக்களையும் பாதிக்கும். இபுபுரூஃபனும் கூடவே கூடாது.

எப்போ ஓடணும்?

மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் உடனே டாக்டர். பெரிய குழந்தைக்கு வலிப்பு, மூச்சுத்திணறல், சிறுநீர் குறைவது, எழுப்பினாலும் சரியாக விழிக்காதது எல்லாமே அவசரம். நாய்க்குட்டி சாப்பிடாமல் சுருண்டு கிடந்து, வாந்தியும் ரத்தக் கழிச்சலும் இருந்தால் பார்வோ வைரஸாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காதீங்க.

இரண்டு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, எது யாருக்கு என்று எழுதி வையுங்க. சிரப்புக்கு முன்னாடி அதை எடுங்க.