தொலைவு குறைக்கும் மருத்துவம்

திருச்சுழிக் கரிசல் உழவர் மதுரை சென்று மருத்துவரைக் கண்டு திரும்பினால் ஒருநாள் கூலி போயிற்று. எனவே நோய் முற்றிய பின்னரே புறப்படுகின்றனர்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் ஊர்ப்புறங்களில் பார்வை மையங்களை நிறுவி வருகிறது. பயிற்சி பெற்ற கிராமப் பெண்கள் கண்ணைச் சோதித்துப் படம் அனுப்ப, மருத்துவர் திரைவழி உரையாடுகிறார். ஒவ்வோர் உரையாடலும் அப்பெண்களுக்கு ஒரு பாடமாகிறது. 2020இல் நடுவணரசின் இசஞ்சீவனி, இல்லத்திலிருந்தே மருத்துவரை நாடவும் வழிசெய்தது.

எனினும் கருவி மட்டும் போதாது என்பதே எம் கருத்து. தொட்டுப் பார்க்க இயலாதவிடத்து நோயாளியின் சொல்லே நாடி. 'நெஞ்சு கரிக்குது' என்பது வேறு. 'நெஞ்சை அடைக்குது' என்பது வேறு. அவ்வேறுபாடறிந்து எடுத்துரைப்போர் இம்முனையில் வேண்டும். நம் தமிழ் மாணவர்கள் வாரம் ஒருபொழுதேனும் முதியோர்க்குத் துணையாக அமர்வார்களாக! கற்ற தமிழ் அங்கே உயிர்காக்கும்.