நீரடி மரத்தின் நியாயம்

ஏரிகளின் அடியிலும் ஆறுகளின் அடியிலும் நூறாண்டுகளுக்கு மேலாகக் கிடந்த மரங்களை மேலே எடுத்து, அறுத்து, உலர்த்திப் பலகையாக்கி விற்கும் தொழில் அமெரிக்காவிலும் கனடாவிலும் சென்ற முப்பது ஆண்டுகளில் நன்றாக விருத்தியடைந்திருக்கிறது. அந்தப் பலகையை விற்கிறவர்கள், 'இதற்காக ஒரு மரமும் வெட்டப்படவில்லை' என்று சொல்லியே விற்கிறார்கள். வாங்குகிறவர்களும் தங்கள் வீட்டுத் தளத்தில் அழகோடு சிறிது புண்ணியமும் சேர்ந்து பதிந்துவிட்டதாக மகிழ்ந்து, சாதாரணப் பலகையின் விலையைவிடப் பன்மடங்கு கொடுத்துவிட்டுப் போகிறார்கள். மரம் வெட்டப்பட்டது என்னவோ உண்மைதான். வெட்டியவர்கள் இவர்கள் அல்லர், இவர்களுடைய பாட்டன்மார் என்பதே வித்தியாசம். இந்தத் தொழிலை அடியோடு கண்டிப்பது என் நோக்கம் அன்று. ஆனால் அசையாத நீரில் கிடப்பதை எடுப்பதும், ஓடுகிற ஆற்றில் கிடப்பதை எடுப்பதும் ஒன்றே என்று எண்ணிச் சட்டம் செய்கிறவர்களை எதிர்த்துச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த மரங்கள் அங்கே போய்ச் சேர்ந்த சரித்திரம் பெரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மிச்சிகன், விஸ்கான்சின், மின்னசோட்டா ஆகிய மாநிலங்களில் வானளாவ நின்ற வெள்ளைப் பைன் காடுகளைப் பனிக்காலத்தில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வெட்டிச் சாய்த்து, நீர் தெளித்து உறையவைத்த வழுக்குப் பாதைகளில் குதிரைகள் இழுக்கும் சறுக்கு வண்டிகளில் ஏற்றி ஆற்றங்கரைகளில் அடுக்கிவைத்து, பனி உருகி வெள்ளம் வரும் வசந்த காலத்தில் ஆற்றில் தள்ளிவிட்டார்கள். எந்தக் கட்டை எந்த முதலாளியுடையது என்று கீழ்த்துறையில் பிரித்தறிவதற்காக ஒவ்வொன்றின் முனையிலும் சுத்தியலால் அடையாளக் குறி அடித்திருந்தார்கள். 1871-இல் தீக்கிரையான சிகாகோ நகரம் திரும்ப எழுந்ததும், மரமே இல்லாத புல்வெளிப் பிரதேசங்களில் ஊர்கள் முளைத்ததும் இந்தப் பிரவாகத்தின் தயவால்தான். பைன் இலேசான மரம், மிதந்துகொண்டு போய்விடும். அதனோடு கலந்து வந்த மேப்பிள், ஓக், பிர்ச் முதலிய கனமரங்களோ நீரை உறிஞ்சி வழியிலேயே அமிழ்ந்துவிட்டன. துறையில் பல மாதம் காத்துக் கிடந்த பைன் கட்டைகளிலும் பல அவ்வாறே அமிழ்ந்தன. காடு வற்றாதது என்று நம்பிய காலமாகையால், மூழ்கியதற்காக ஒருவரும் வருந்தவில்லை.

இவ்விஷயத்தில் பர்மாவின் காட்டிலாகா அதிக விவேகத்தோடு நடந்துகொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது. ஆகையால் மரத்தின் அடியைச் சுற்றிலும் வளையமாகப் பட்டையையும் வெளிமரத்தையும் வெட்டிவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் நின்றபடியே காயவிட்டு, அதன்பின் சாய்த்து, யானைகளைக் கொண்டு ஓடைகளுக்கு இழுத்துச் சென்று, மழை வெள்ளத்தில் ஐராவதி நதியில் சேர்த்துத் தெப்பங்களாகக் கட்டி ரங்கூனுக்கு அனுப்பினார்கள். செட்டிநாட்டு வீடுகளில் தூணாகவும் உத்தரமாகவும் நிற்கும் பர்மாத் தேக்குக்கு இந்தப் பொறுமையே மூலகாரணம்.

மூழ்கிய மரம் ஏன் மட்கிப்போகவில்லை என்று கேட்பது இயல்பே. மரத்தை உளுக்கவைக்கும் பூஞ்சணத்துக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்ய முடியாது; நீரில் ஊறிய மரத்துக்குள் காற்று புக வழியில்லை. ஆழத்தில் சுமார் 4 டிகிரிக் குளிரில் உறங்கும் சுப்பீரியர் ஏரியைப் போன்ற நன்னீர் நிலையில், கடல்நீரில் மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பற்புழுவும் கிடையாது. 1628-இல் ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் கவிழ்ந்த 'வாசா' என்னும் சுவீடன் நாட்டுப் போர்க்கப்பல் 1961-இல் பெரும்பாலும் முழுமையாகவே மேலே வந்ததற்கும், உப்புக் குறைந்த பால்டிக் கடலில் அந்தப் புழு பெருகாதிருந்ததுதான் முக்கிய காரணம். மூங்கிலைக் குளத்தில் ஊறப்போட்டு எடுத்தால் பூச்சி அரிக்காது என்று நம் ஊர்க் கைவினைஞர்கள் அறிந்திருப்பதும் இதற்குத் தூரத்து உறவுள்ள ஞானமே.

அடர்ந்த காட்டின் நிழலில் சூரியனுக்காகப் போராடி மெள்ள மெள்ள வளர்ந்த மரங்களாகையால், அவற்றின் ஆண்டு வளையங்கள் மயிரிழை இடைவெளியில் நெருங்கி நிற்கின்றன. அப்படிப்பட்ட வைரம் பாய்ந்த மரத்தை இன்றைய தோட்டக் காடுகள் தரமாட்டா. நீரிலுள்ள நுண்ணுயிர்கள் மரத்தின் உள்நாளங்களிலுள்ள மெல்லிய தடுப்புகளை அரித்துவிடுவதால் நாதம் கூடுகிறது என்று சொல்லிச் சில வயலின் தச்சர்கள் இம்மரத்தைத் தேடி வாங்குகிறார்கள். அரிப்பது உண்மை, நாதத்தைப் பற்றி நான் உறுதி சொல்லமாட்டேன், வில் பிடிக்கும் கைக்கும் அதில் கணிசமான பங்கு உண்டல்லவா?

இத்தனை அருமையான பொருள் யாருடையது என்ற கேள்வி, விலை ஏற ஏறத்தான் பலமாக ஒலிக்கிறது. குறி அடித்த கம்பெனிகள் பெரும்பாலும் மறைந்துபோயின. கப்பல் செல்லும் ஏரி, ஆறுகளின் தரை பொதுமக்கள் சார்பில் சர்க்காரிடம் இருக்கிறது என்னும் நியாயத்தைக் கொண்டு, விஸ்கான்சினும் புளோரிடாவும் அனுமதிப் பத்திரம் பெற்றவர்களே எடுக்கலாம் என்று விதித்திருக்கின்றன. அது சரியே, ஆனால் அதற்கும் முந்திய ஓர் உரிமை உண்டு. விஸ்கான்சினின் வடபகுதிக் காடுகளில் ஒரு பெரும் பகுதியை ஒஜிப்வே பழங்குடி மக்கள் 1842-இல் லா பாயின்ட் என்னுமிடத்தில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி விட்டுக் கொடுத்தபோது, அங்கே வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் சேகரிக்கவும் தங்களுக்கிருந்த உரிமையை விட்டுக் கொடுக்கவில்லை; அந்த உரிமை இன்னும் உயிரோடிருக்கிறது என்று 1983-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அவர்களுடைய காட்டிலிருந்து போன மரம், அவர்கள் மீன் பிடிக்கும் நீரின் அடியில் கிடந்து, இன்று பொன் விலைக்கு விற்கும்போது, அனுமதிக் கட்டணத்தில் முதற் பங்கு அவர்களுக்குச் சேர வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். இது தருமம் கேட்பதன்று. பழைய கணக்கில் விடுபட்டுப்போன பாக்கி.

ஆற்றின் விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவின் தென்கிழக்கில் ஒருகாலத்தில் சுமார் 9 கோடி ஏக்கர் பரந்திருந்த நெட்டிலைப் பைன் காடு, வெட்டி வெட்டி 1990-களில் சுமார் 30 லட்சம் ஏக்கராகச் சுருங்கியிருந்தது. அதன் செந்நிற வைரக் கட்டைகளும், சதுப்பு நிலத்துச் சைப்ரஸ் கட்டைகளும் புளோரிடாவின் ஆற்றடிகளில் ஏராளமாகக் கிடக்கின்றன. 1974-இல் நிறுத்தப்பட்டு, சுமார் கால்நூற்றாண்டு கழித்து மறுபடி அங்கே அனுமதிக்கப்பட்ட இத்தொழிலுக்கு ஒரு விதி உண்டு: கோடரியாலோ வாளாலோ வெட்டிய முனை தெரிகிற கட்டையை எடுக்கலாம், தானாக விழுந்த மரத்தைத் தொடக் கூடாது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மீனும் ஆமையும் கோடரித் தழும்பைச் சரிபார்த்துக்கொண்டு குடியேறுவதில்லை. நூறாண்டு ஓரிடத்தில் கிடந்த கட்டை, யார் வெட்டியதாயினும், ஓட்டத்தைத் தடுத்துப் பின்னால் மடுவை உண்டாக்கி, பாசிக்கும் பூச்சிக்கும் நத்தைக்கும் இடம் கொடுத்து, அவற்றைத் தின்னும் உயிர்களுக்கு உணவுச்சாலையாகிவிட்டது. நீருக்குமேல் தலைநீட்டிய பகுதியில்தான் அப்பலாச்சிகோலா ஆற்றின் அரிய ஆமை இனம் ஏறி வெயில் காய்கிறது. கட்டையைப் பெயர்த்தால் அடியில் அமைதியாகப் படிந்திருந்த சேறும் அதில் அடங்கிய விஷப் பொருள்களும் கலங்கி மேலே வந்து, கீழே வசிக்கும் உயிர்களின்மேல் படிகின்றன.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்தில் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், கட்டைகள் கிடப்பதால் சால்மன் மீன் மேலே ஏற முடியவில்லை என்று எண்ணிய அதிகாரிகள், நல்லெண்ணத்தோடும் பெரும் பணச் செலவோடும் ஓடைகளைத் துடைத்தாற்போல் சுத்தம் செய்தார்கள். மடுக்கள் மறைந்தன, முட்டையிடுவதற்கான சரளைக் கற்களை வெள்ளம் அடித்துப்போயிற்று, குஞ்சுகளுக்கு ஒதுங்க இடமில்லை. பிறகு உண்மை விளங்கி, அதே ஓடைகளில் அதே மாதிரிக் கட்டைகளை ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டுபோய்த் திரும்பப் போட்டார்கள், இன்றும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பகுதியில் சர்க்கார் பணம் கொடுத்துக் கட்டையை ஆற்றில் இறக்க, இன்னொரு பகுதியில் பணம் வாங்கிக்கொண்டு ஆற்றிலிருந்து ஏற்றுவது ஒரே தேசத்தின் நிர்வாகமாயிருக்கிறது.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. கட்டைகள் ஆண்டுக்கணக்காகக் காத்துக்கிடந்த துறைகளில் பட்டையும் மரத்தூளும் படிந்து, மட்கும்போது நீரிலுள்ள பிராணவாயுவைக் குடித்து, மீன் முட்டையிடும் தரையையே மூடிவிட்ட இடங்கள் உண்டு. ஆற்றில் மரம் விடும் வழக்கத்தை மெய்ன் மாநிலம் 1976-இல் கென்னபெக் நதியோடு முடித்துக்கொண்டதற்கு இந்தக் கேடு ஒரு முக்கிய காரணம். அத்தகைய இடங்களை ஒவ்வொன்றாகப் பரிசோதித்து, எடுப்பதால் தண்ணீருக்கு நன்மை என்று மீன்வள நிபுணர் எழுதிக் கொடுத்தால் தாராளமாக எடுக்கலாம். வியாபாரி பார்த்து நல்ல கட்டையைப் பொறுக்குவதற்குப் பெயர் மட்டும் ஆற்றைச் சுத்தம் செய்வதாகாது.

இத்தொழிலுக்கு உண்மையான இடம் ஆழ்ந்த ஏரிகளும் அணைகளின் நீர்த்தேக்கங்களுமே. 1950-களில் கென்னி அணை கட்டியபோது, பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஊட்சா ஏரிப் பகுதியில் செஸ்லாட்டா பழங்குடிகளை ஊரைவிட்டு எழுப்பி, காட்டை வெட்டாமலே மூழ்கடித்தார்கள். நின்றபடியே மூழ்கிய அம்மரங்களை அறுப்பதற்காகக் கனடாவில் ஓர் யந்திரம் செய்திருக்கிறார்கள். ஆள் இல்லாமல் நீருக்கடியில் சென்று, மரத்தைப் பற்றி, காற்றுப் பையைப் பொருத்தி ஊதிவிட்டு, அடியில் அறுத்தவுடன் மரம் தானே மேலெழும்படி அமைத்த சாமர்த்தியத்தை மெச்சாதிருக்க முடியாது.

இதைவிட அவசரமான இடம் கானா நாட்டின் வோல்டா ஏரி. 1965-இல் அக்கோசோம்போ அணை முடிந்து, சுமார் 8,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் நீர் தேங்கியபோது ஏறக்குறைய 80,000 பேர் வேறிடம் பெயர்ந்தார்கள். மரங்களில் பெரும்பாலானவை நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன. நீர் மட்டம் இறங்கும் காலங்களில் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் அந்த முண்டங்களில் மோதிப் படகுகள் கவிழ்ந்து ஜனங்கள் மடிகிறார்கள். அவற்றில் சிக்கிய வலையை விடுவிக்க நீரில் மூழ்கும் மீன்பிடிச் சிறுவர்களில் சிலர் திரும்பி வருவதில்லை. மரம் எடுக்கும் உரிமையைக் கம்பெனிகளுக்கு வழங்கும்போது, விலைபோகும் நடுக்காட்டு மரங்களைத் தொடுவதற்கு முன்னர், ஒரு காசுக்கும் தேறாத முண்டங்களாயினும் படகு செல்லும் வழிகளிலும் மீனவர் துறைகளிலும் நிற்பவற்றை முதலில் அறுத்து அகற்றியாக வேண்டும் என்னும் நிபந்தனையைச் சர்க்கார் ஒப்பந்தத்தின் முதல் ஷரத்தாக எழுத வேண்டும்.